அண்ணன் எழுதித் தர வேண்டிய இரண்டு வரிகள்

ஜனவரி 9

அண்ணனுக்கு,

நானும் பாப்பாவும் சௌக்கியம். உங்களுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறதா? அண்ணியின் முட்டிவலி தேவலையா? என் இடது காதைப் பற்றி நீங்கள் கேட்க மாட்டீர்கள் என்பதால் நானே சொல்லிவிடுகிறேன்: அது அப்படியேதான் இருக்கிறது.

போனில் நான்கு முறை அழைத்தேன். நான்கு முறையும் மணி முழுதாக அடித்து ஓய்ந்தது. அதனால் எழுதுகிறேன். போனில் பேசியது சில சமயம் பேசவே இல்லை என்று ஆகிவிடுகிறது. தாளில் இருப்பது இருக்கும்.

பாப்பாவைத் தன்னிடம் ஒப்படைக்க வேண்டும் என்று அவள் அப்பா வழக்குப் போட்டிருக்கிறார். நான் ஒற்றை அறையில் குழந்தையை வைத்திருக்கிறேனாம். வேலைக்குப் போகும்போது பக்கத்து வீட்டில் விட்டுப் போகிறேனாம். எல்லாம் உண்மை. நான் ஏன் ஒற்றை அறைக்கு வந்தேன் என்பது மட்டும் அவருடைய பதினாறு பக்க மனுவில் எங்கும் இல்லை. ஏப்ரல் 17 விசாரணை. அவருக்கு வக்கீல் இருக்கிறார். எனக்கும் ஒருவர் இல்லாவிட்டால் அன்றைக்கே பாப்பாவின் துணிமணிகளை எடுத்து வைக்கச் சொல்லிவிடுவார்கள்.

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் எனக்குக் கிடைக்கும் சம்பளத்தில் வக்கீல் வைக்க முடியாது. வசதியில்லாதவர்களுக்கு அரசே வக்கீல் வைத்துக் கொடுக்கிறது. சட்ட உதவி அலுவலகத்தில் விண்ணப்பம் கொடுத்துவிட்டேன். ஒரே ஒரு முட்டுக்கட்டை. என் அடையாள அட்டையில் இன்னும் அம்மா வீட்டு முகவரி இருக்கிறது. அந்த வீட்டில் நீங்கள் இருக்கிறீர்கள். ஒரே முகவரி என்றால் ஒரே குடும்பமாம். உங்கள் வருமானத்தையும் என் வருமானத்தோடு சேர்த்தால் வரம்பைத் தாண்டிவிடுகிறது. நான் தனியாக இருக்கிறேன், நீங்கள் என்னைப் பராமரிக்கவில்லை என்று நீங்கள் எழுதிக் கொடுத்தால் என் சம்பளத்தை மட்டும் பார்ப்பார்கள்.

இரண்டு வரி போதும். உங்களுக்குச் சிரமம் வேண்டாம் என்று நானே எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன்: "இவர் என் உடன்பிறந்த தங்கை, என்னுடன் வசிக்கவில்லை. நான் இவருக்கு எந்த உதவியும் செய்வதில்லை." கீழே கையெழுத்து மட்டும் போட்டு அனுப்புங்கள்.

பாப்பா மாமாவைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

உங்கள் தங்கை


ஜனவரி 24

தங்கைக்கு,

இங்கு எல்லோரும் நலம் என்று சொல்ல ஆசை. சர்க்கரை ஏறியும் இறங்கியும் ஆட்டம் காட்டுகிறது. உன் அண்ணியால் மாடிப்படி ஏற முடியவில்லை. கடிதம் போடும் காலமா இது? தபால்காரர் வந்து நின்றதும் தெருவில் நாலு பேர் எட்டிப் பார்த்தார்கள்.

நீ அனுப்பிய தாளைப் படித்தேன். "எந்த உதவியும் செய்வதில்லை" என்று நானே கையெழுத்துப் போட வேண்டுமா? உனக்குக் கல்யாணம் செய்து வைத்தவன் யார்? பாப்பா பிறந்தபோது ஆஸ்பத்திரி வாசலில் நின்றவன் யார்? நாளைக்கு அந்தத் தாள் யார் யார் கையிலோ போகும். கூடப் பிறந்தவளைத் தெருவில் விட்டவன் என்று என் கையெழுத்தே சொல்லும். உலகத்தில் எந்த அண்ணனாவது இப்படி எழுதித் தருவானா?

அரசாங்கப் பணத்தில் வக்கீல் வைக்கிற அளவுக்கு நம் குடும்பம் போய்விடவில்லை. மாப்பிள்ளை கெட்டவர் இல்லை. முன்கோபம் உண்டு, யாருக்கு இல்லை? நேற்றுகூடக் கீழே வந்திருந்தார், உன்னைப் பற்றி விசாரித்தார். நீ இறங்கி வந்தால் அவரும் இறங்கி வருவார்.

இன்னொன்று. ஆபீஸில் ஏதாவது விண்ணப்பத்தில் அம்மா வீட்டைப் பற்றி எழுதி வைக்காதே. வீட்டை அம்மா என் பேருக்குத்தான் சொல்லிவிட்டுப் போனார்கள். அம்மா போன அன்றைக்கே உன்னிடம் சொன்னேன்.

நீ அனுப்பிய தாளைத் திருப்பி அனுப்புகிறேன். பாப்பாவுக்கு என் ஆசி.

அண்ணன்


பிப்ரவரி 3

அண்ணனுக்கு,

பாப்பாவுக்கு இரண்டு நாள் காய்ச்சல் இருந்து இறங்கிவிட்டது. எனக்கு ஒன்றுமில்லை. அண்ணியை மாடிப்படி ஏற விடாதீர்கள்.

உங்கள் கடிதத்தை அந்த அலுவலகத்தின் பெஞ்சில் உட்கார்ந்துதான் இரண்டாம் முறை படித்தேன். அலுவலகம் ஒரு வங்கியின் பின்பக்கம். நீளமான அறை, இரண்டு பெஞ்சு, காற்றாடிக்கு நேர் கீழே உட்கார்ந்தால் கையிலிருக்கும் தாள் பறக்கும். விண்ணப்பங்களைப் பார்க்கும் அம்மாவுக்கு நான் மனதுக்குள் முத்திரையம்மா என்று பேர் வைத்திருக்கிறேன். எதைக் கேட்டாலும் முதலில் முத்திரையை மைப்பெட்டியில் ஒரு தடவை ஒற்றிவிட்டுத்தான் பதில் சொல்வார்.

என் பக்கத்தில் ஒரு மனிதர் உட்கார்ந்திருந்தார். மோட்டார் சைக்கிள் திருடியதாக வழக்கு. "திருடுனேன்னு சொல்றாங்கம்மா," என்றார், பக்கத்து ஊர்க்காரர் யாரையோ பற்றிச் சொல்வதுபோல. அவருக்குப் பத்து நிமிடத்தில் வக்கீல் கிடைத்துவிட்டது. நான் முத்திரையம்மாவிடம் கேட்டேன்.

"அவர் கேஸ்ல ஜெயிலுக்குப் போக வேண்டி வரலாம். அதுக்கு வேற அளவு. உங்களுது சிவில். வருமானமும் பார்க்கணும், கேஸ்ல வலு இருக்கான்னும் பார்க்கணும்."

"என் கேஸ்ல புள்ளை போயிடும்மா."

"புரியுது. ஆனா அதுக்கு இந்தக் கட்டத்துல இடம் இல்ல. உங்க அண்ணன் உங்களுக்குச் சோறு போடுறாரா?"

"இல்ல."

"இல்லன்னு அவர் சொல்லணும். நீங்க சொன்னா பத்தாது."

வெட்கமாக இருந்தது, அண்ணா. நீங்கள் எனக்குச் சோறு போடவில்லை என்பதற்காக இல்லை. அதைக்கூட உங்கள் வாயால்தான் நிரூபிக்க வேண்டியிருக்கிறது என்பதற்காக.

ஆஸ்பத்திரி வாசலில் நீங்கள் நின்றது உண்மை. போன வருடம் வேறொரு ஆஸ்பத்திரி வாசலிலும் நீங்கள் நின்றீர்கள். காது மருத்துவர் என்ன நடந்தது என்று கேட்டபோது "கதவு இடிச்சிருச்சு" என்று எனக்கு முன்னால் நீங்கள் பதில் சொன்னீர்கள். நான் அதை இதுவரை கேட்கவில்லை. இப்போதும் கேட்கவில்லை.

ஆனால் இது ஒன்றைக் கேட்க வேண்டும். அவர் எதற்குக் கீழே வந்தார்? கீழ்க்கடையில் சைக்கிள் பழுது பார்ப்பவர்தானே இருந்தார்?

பிப்ரவரி கடைசிக்குள் உங்கள் கடிதம் அலுவலகத்துக்கு வர வேண்டும். நீங்கள் திருப்பி அனுப்பிய தாளைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். மனம் மாறினால் சொல்லுங்கள்.

தங்கை


பிப்ரவரி 22

அண்ணனுக்கு,

நலம். அங்கும் அப்படியே இருக்கட்டும்.

பத்தொன்பது நாளாகப் பதில் இல்லை. பாப்பா தினமும் "மாமா எழுதிட்டாரா?" என்று கேட்கிறாள். அவளுக்குத் தெரிந்ததெல்லாம் மாமா எழுதினால் அம்மாவோடு இருக்கலாம் என்பதுதான். ஏழு வயதில் அவ்வளவு தெரிந்தால் போதும்.

இன்னும் ஆறு நாள் இருக்கிறது.

தங்கை


மார்ச் 4

தங்கைக்கு,

சர்க்கரை இருநூற்றுப் பத்து. டாக்டர் கவலைப்படக் கூடாது என்கிறார். அவருக்கென்ன, அவருக்குத் தங்கை இல்லை.

உன் தொல்லை தாங்காமல் நானே அந்த அலுவலகத்துக்கு நேராக எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். கெடுவுக்குள் போய்ச் சேர்ந்துவிட்டது. உன் இரண்டு வரியைவிட நன்றாகவே எழுதியிருக்கிறேன். நம் குடும்பத்துக்கு என்ன மரியாதையோ அந்த மரியாதையோடு எழுதியிருக்கிறேன். படித்தால் நீயே ஒத்துக்கொள்வாய்.

சைக்கிள்காரர் போன வருடமே காலி செய்துவிட்டார். கடை இருந்தால் ஆள் வருவார், ஆள் போவார்.

அண்ணன்


மார்ச் 13

அண்ணனுக்கு,

இன்று நலம் விசாரிக்க முடியவில்லை. மன்னிக்க வேண்டாம்.

உங்கள் கடிதத்தைப் படித்தேன். முத்திரையம்மா கோப்பைத் திருப்பி என் பக்கம் நகர்த்தினார். பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கிய அதே கையெழுத்து. மனப்பாடமே ஆகிவிட்டது:

"மேற்படியார் என் உடன்பிறந்த தங்கை. எங்கள் தாயார் விட்டுச்சென்ற வீட்டில் எங்கள் இருவருக்கும் சமபங்கு உண்டு. கீழ்த்தளக் கடையின் வாடகையில் சரிபாதியை மாதந்தோறும் தவறாமல் அவருக்குக் கொடுத்து வருகிறேன். ஏழைகளுக்கான உதவியைப் பெற வேண்டிய நிலையில் எங்கள் குடும்பத்தார் எவரும் இல்லை என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்."

"இப்படி எழுதியிருக்கார்மா," என்றார் அவர். "வாடகையும் சேர்த்தா வரம்பு தாண்டுது. சொத்து வேற இருக்கு."

"எனக்கு ஒரு மாசம்கூட எதுவும் வந்ததில்லை."

"அப்ப உங்க அண்ணன் பொய் சொல்றாரா?"

நான் என்ன சொல்வேன்? உங்களைப் பற்றி அந்நியர் ஒருவர் இப்படிக் கேட்டதும் வாய் தானாக மூடிக்கொண்டது. பழக்கம்தான். கதவு இடித்த அன்றும் அப்படித்தான் மூடிக்கொண்டது. அந்த ஒரு நிமிட மௌனத்தில் விண்ணப்பத்தின் மேல் நிராகரிப்பு முத்திரை விழுந்துவிட்டது. முப்பது நாளுக்குள் புதிய காரணம் இருந்தால் மறுபடி கேட்கலாமாம்.

வெளியே வந்து பேருந்து நிறுத்தம்வரை நடந்த பிறகுதான் "ஆமாம்" என்றேன். பக்கத்தில் நின்ற பெண் என்னைப் பார்த்து ஒதுங்கி நின்றாள்.

உதவி செய்யாமல் இருந்திருக்கலாம். எழுதாமல் இருந்திருக்கலாம். செய்ததாக எழுத எப்படிக் கை வந்தது?

தங்கை


மார்ச் 20

நாத்தனாருக்கு,

நான் எழுதுவது உன் அண்ணனுக்குத் தெரியாது. அவர் ரத்தப் பரிசோதனைக்குப் போயிருக்கிறார். என் முட்டியைப் பற்றி ஒவ்வொரு கடிதத்திலும் கேட்கிறாய். முட்டி தேயத்தான் செய்கிறது.

உன்மேல் பாசம் பொங்கி எழுதவில்லை. அம்மாவின் வளையல் விஷயத்தில் நீ என்னைப் பேசியது எனக்கு மறக்கவில்லை. ஆனால் என் வீட்டு மாடிப்படி முழுவதும் பெயின்ட் டப்பா அடுக்கியிருக்கிறது. வாடையில் தலை சுற்றுகிறது, கால் வைக்க இடமில்லை. யாருடைய டப்பா என்று இன்னுமா உனக்குத் தெரியவில்லை? உன் வீட்டுக்காரருடையது. கீழ்க்கடையை வாடகைக்கு எடுத்துப் பத்து மாதம் ஆகிறது. பெரிய முன்பணம் கொடுத்தார். அதில்தான் உன் அண்ணன் மேல்தளத்தைப் புதுப்பித்தார். உனக்கு வக்கீல் அமைந்தால் கடையைக் காலி செய்வேன், முன்பணத்தைத் திருப்பி வை என்று சொல்லியிருக்கிறார். உன் அண்ணனிடம் திருப்பித் தர ஏது?

அலுவலகத்துக்குப் போன கடிதம் எங்கள் கூடத்தில்தான் எழுதப்பட்டது. உன் வீட்டுக்காரர் சொல்லச் சொல்ல இவர் எழுதினார். "தங்கச்சிக்கு மாசாமாசம் குடுக்கிறேன்னு எழுதுங்க, போதும்" என்றார் அவர். வாடகைப் பாதி, சமபங்கு, பணிவுடன், எல்லாம் உன் அண்ணன் சொந்தமாகச் சேர்த்தது. "சும்மா குடுக்கிறேன்னா பிச்சை போடுற மாதிரி இருக்கும் மாப்பிள்ளை. பங்குன்னு போட்டாத்தான் நம்ம குடும்பத்துக்கு ஒரு கௌரவம்" என்றார். இரண்டு முறை வாய்விட்டு வாசித்துக் காட்டினார், அவ்வளவு பிடித்திருந்தது அவருக்கு.

கிழித்துப் போட்டுவிடு. நான் எழுதியதாக வெளியே வந்தால், எழுதவே இல்லை என்பேன்.

அண்ணி


மார்ச் 23

அன்புத் தங்கைக்கு,

நீயும் பாப்பாவும் நலமாக இருக்க வேண்டும் என்பதே என் விருப்பம். உன் காது எப்படி இருக்கிறது? நல்ல மருத்துவர் ஒருவரைப் பற்றிக் கேள்விப்பட்டேன்.

கோபத்தில் எழுதியிருக்கிறாய். நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. யோசித்துப் பார்த்ததில் எனக்கே ஒரு வழி தோன்றியது. உனக்குச் சொத்து இருக்கிறது என்பதால்தானே உதவி இல்லை என்கிறார்கள்? அம்மா வீட்டில் எனக்கு எந்தப் பங்கும் வேண்டாம் என்று நீ எழுதிக் கொடுத்துவிட்டால் உன் பேரில் சொத்து ஏது? பத்திரம் தயார் செய்து இத்துடன் அனுப்பியிருக்கிறேன். பென்சிலால் பெருக்கல் குறி போட்ட மூன்று இடங்களில் கையெழுத்துப் போடு. இரண்டு சாட்சி வேண்டும். சலவைக்கூடத்தில் யாராவது இருப்பார்கள். அது என் கைக்கு வந்த அன்றே நீ கேட்ட இரண்டு வரியை எழுதி அனுப்புகிறேன்.

எப்படியும் வீடு என் பேருக்குச் சொன்னதுதான். இது வெறும் சடங்கு. உனக்கு வக்கீல், எனக்கு நிம்மதி. ஏப்ரல் 17 நெருங்குகிறது, தாமதிக்காதே. பாப்பாவை நினைத்துப் பார்.

அன்பு அண்ணன்


ஏப்ரல் 2

அண்ணனுக்கு,

காதைப் பற்றி விசாரித்ததற்கு நன்றி. ஒன்றே கால் வருடத்துக்குப் பிறகு கேட்டிருக்கிறீர்கள். கேட்ட கையோடு ஒரு பத்திரமும் வந்திருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை நம் தெருவுக்கு வந்திருந்தேன். மேலே ஏறவில்லை. எதிர்ப்பக்க மருந்துக்கடை வாசலில் நின்று கீழ்க்கடையின் பெயர்ப்பலகையைப் படித்தேன். பெயின்ட் கடை. உரிமையாளர் பெயரைச் சிவப்பில் எழுதியிருக்கிறார்கள். யாரும் எனக்குச் சொல்லித் தெரிய வேண்டிய அவசியம் இல்லை. தெருவில் போகிற எல்லோரும் படிக்கிற பலகைதான். பாப்பா எழுத்துக் கூட்டி "அப்பா பேரு" என்றாள். அவளுக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்துத் திரும்பி வந்துவிட்டேன்.

உங்கள் பத்திரத்தில் கையெழுத்துப் போடத்தான் இருந்தேன், உண்மையாகவே. பாப்பாவா வீடா என்றால் எனக்கு யோசிக்க ஒன்றுமில்லை. உங்களுக்கும் அது தெரியும், அதனால்தான் அந்தக் கடைசி வரி. ஆனாலும் ஒருமுறை கேட்டுவிடலாம் என்று பத்திரத்தை எடுத்துக்கொண்டு முத்திரையம்மாவிடம் போனேன்.

"இதுல கையெழுத்துப் போட்டா வக்கீல் கிடைக்கும்னு யாரு சொன்னது?"

"எங்க அண்ணன்."

"உதவி கிடைக்கணும்னு சொத்தை எழுதிக் குடுத்தா, அது இன்னும் உங்ககிட்ட இருக்கிற மாதிரிதான் நாங்க எடுத்துக்குவோம். சொத்தும் போகும், வக்கீலும் வர மாட்டார். ஆமா, இப்ப எதுக்கு அவசரமா எழுதி வாங்குறார்? வீட்ல உங்களுக்குப் பங்கு இருக்கா, இல்லியா?"

"ஒரு தடவை இல்லைங்கறார். ஒரு தடவை ஆமாங்கறார்."

"எப்ப ஆமான்னார்?"

"உங்ககிட்டதாம்மா."

முத்திரையைக் கீழே வைத்துவிட்டார். நான் பார்த்து அது முதல் தடவை. கோப்பை எடுத்து உங்கள் கடிதத்தை மெதுவாக, விரலை வைத்துக்கொண்டு படித்தார். பிறகு நீங்கள் ஜனவரியில் எனக்கு எழுதிய கடிதத்தைக் கேட்டு வாங்கிப் படித்தார். வீடு உங்கள் பேருக்குச் சொன்னது என்று இருக்கிறதே, அது. நான் எல்லாக் கடிதங்களையும் கையிலேயே வைத்திருந்தேன். ஒன்றைத் தவிர.

"வாடகை உங்க கைக்கு வந்துச்சா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. போன தடவை நான் கேட்டப்ப வாயைத் திறக்கலை."

"வரலை. ஒரு மாசம்கூட வரலை. எங்க அண்ணன் பொய் சொல்றார்."

சொல்லிவிட்டேன். கூரை இடிந்து விழவில்லை. பெஞ்சில் இருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

"அப்ப இது தகராறு. தகராறுல இருக்கிற சொத்து கணக்குல சேராது. எதிராளியோட வருமானமும் கணக்குல சேராது."

"எதிராளின்னா என் வீட்டுக்காரரா?"

"புள்ளை கேஸுக்கு அவரு. வீட்டுக் கேஸுக்கு உங்க அண்ணன். அண்ணன் மேல கேஸ் போட்டீங்கன்னா உங்க சம்பளம் மட்டும்தான் மிச்சம். ரெண்டுக்கும் சேர்த்தே வக்கீல் குடுக்கலாம்."

"வலு இருக்கான்னு பார்க்கணும்னு சொன்னீங்களே."

அவர் உங்கள் கடிதத்தை என் பக்கம் திருப்பினார். "எதிராளி தன் கையால எழுதி, கையெழுத்துப் போட்டு, பதிவுத் தபால்ல அனுப்பியிருக்காரு. இதைவிட வலுவோட யாரும் இந்த ஆபீஸுக்கு வந்ததில்லம்மா."

படிவத்தை வாங்கிக்கொண்டு பெஞ்சுக்கு வந்தேன். எதிராளியின் பெயர் என்ற கட்டத்துக்கு முன்னால் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பள்ளிக்கூடத்தில் உங்கள் நோட்டுப் புத்தகங்களுக்கெல்லாம் அட்டை போட்டுப் பெயர் எழுதிக் கொடுத்தவள் நான். உங்கள் பெயரை என்னைப் போல ஒருவரும் எழுத முடியாது. அதே அழகோடு எழுதினேன்.

நீங்கள் அந்த இரண்டு வரியை எழுதியிருந்தால் இந்தப் படிவம் எனக்குத் தேவைப்பட்டிருக்காது. வீட்டைப் பற்றி நான் வாயே திறந்திருக்க மாட்டேன். அதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

நோட்டீஸ் இந்த வாரம் வரும். பத்திரம் அலுவலகக் கோப்பில் இருக்கிறது. பென்சில் குறிகளை அழிக்கவில்லை.

தங்கை


மே 8

தங்கைக்கு,

நலம் என்று எழுதுவதற்கு ஒன்றுமில்லை. நீ நலமாக இருப்பாய்.

ஏப்ரல் 17 அன்று கோர்ட்டில் நடந்ததை மாப்பிள்ளை சொன்னார். சொன்னார் என்றால், கூடத்தில் நின்று கத்தினார். பாதி வாடகையைத் தனியாக எடுத்து வைக்கச் சொல்லி உன் வக்கீல் அவருக்கும் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார். அன்றே கடையைக் காலி செய்துவிட்டார். டப்பாக்களை இறக்கும்போது ஒன்று உடைந்து மாடிப்படி முழுவதும் நீலம். உன் அண்ணி அதைப் பார்த்து ஏன் சிரித்தாள் என்று எனக்கு விளங்கவில்லை. முன்பணத்தைக் கேட்டு என்மேல் தனியாக வழக்குப் போடப் போகிறாராம்.

ஆக எனக்கு இரண்டு வழக்கு. இரண்டுக்கும் வக்கீல் வேண்டும். யாரிடமும் கையேந்தாதவன் நான். வேறு வழியில்லாமல் இங்கே இருக்கும் சட்ட உதவி அலுவலகத்துக்குப் போனேன். இரண்டு மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்தேன். தெரிந்தவர் ஒருவர் வந்தார். கைக்குட்டையால் முகத்தைத் துடைப்பதுபோல மறைத்துக்கொண்டேன்.

இப்போது வாடகை இல்லை என்றாலும் கடந்த ஒரு வருட வாடகை முழுவதும் என் வருமானமாம். அதில் பாதி தங்கைக்குப் போய்விட்டது என்றேன். நான் உன் ஊர் அலுவலகத்துக்கு எழுதிய கடிதத்தின் நகலையே காட்டினேன். நான் சொன்னால் போதாதாம். வாங்கியவர் எழுதித் தர வேண்டுமாம்.

பழையதை மறந்துவிடு. வாடகையில் பாதியை மாதந்தோறும் பெற்றுக்கொண்டேன் என்று எழுதிக் கொடு. இரண்டு வரி போதும். உனக்கு இதில் என்ன நஷ்டம்? ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் நாம்.

மே 20க்குள் வர வேண்டும்.

அண்ணன்


மே 15

அண்ணனுக்கு,

சர்க்கரைக்கு மருந்தை விடாதீர்கள். நடக்கப் போங்கள். இதை நான் மனதாரச் சொல்கிறேன், கடிதத்துக்காகச் சொல்லவில்லை. அண்ணியிடம் நீலக் கறைக்கு மண்ணெண்ணெய் போட்டுத் துடைக்கச் சொல்லுங்கள். சலவைக்கூடத்தில் கற்றது.

ஏப்ரல் 17ஐப் பற்றி அவர் உங்களிடம் என்ன கத்தினாரோ தெரியாது. நடந்தது இதுதான். என் வக்கீலுக்கு என் வயதுதான் இருக்கும். பையின் ஜிப் போய், ஊக்கு மாட்டி வைத்திருக்கிறார். காது மருத்துவரின் பழைய சீட்டைக் காட்டி நீதிபதியிடம் பேசினார். நீதிபதி என்னைப் பார்த்து, "கதவா?" என்று கேட்டார். இந்தத் தடவை எனக்கு முன்னால் பதில் சொல்ல அங்கே யாரும் இல்லை. "இல்லை" என்றேன். வழக்கு முடியும்வரை பாப்பா என்னோடு இருக்கலாம் என்று உத்தரவாகியிருக்கிறது. வெளியே வந்ததும் பாப்பா பெஞ்சில் படுத்துத் தூங்கிவிட்டாள். அவளைத் தூக்கிக்கொண்டு நான்கு தெரு நடந்தேன், பேருந்து ஏறத் தோன்றவில்லை.

வீட்டு வழக்கு நடக்கட்டும். அம்மா எப்படிச் சொன்னார்கள் என்பதை அங்கே சொல்லுங்கள். நான் கேட்டுக்கொள்கிறேன். வலது காது நன்றாகவே கேட்கிறது.

நீங்கள் கேட்டதை எழுதிவிட்டேன். "மாமாவுக்கு எழுதிட்டியாம்மா?" என்று பாப்பா கேட்டாள். எழுதிட்டேன் என்றேன். உங்கள் ஊர் அலுவலகத்துக்கு நேராகப் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். கெடுவுக்குள் போய்ச் சேர்ந்துவிடும். புதுத் தாள் தேடவில்லை. ஜனவரியில் கையெழுத்தில்லாமல் திருப்பி அனுப்பினீர்களே, அந்தத் தாளின் பின்பக்கம் காலியாக இருந்தது. உங்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்பதால் நகல் இங்கே:

"இவர் என் உடன்பிறந்த அண்ணன், என்னுடன் வசிக்கவில்லை. இவர் எனக்கு எந்த உதவியும் செய்வதில்லை."

கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

தங்கை